நட்டம் யார் தலையில்?

போன வருடம் வீடு மாற்றியபோது சித்தப்பாவின் லோடு வண்டியில்தான் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனோம். டோல்கேட்டில் வரிசை நகரவில்லை. ஒருவழியாக எங்கள் முறை வந்து, ஃபாஸ்டேக் பணத்தை எடுத்துக்கொண்டதும், சித்தப்பா போனில் வந்த குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரோடு போட்ட காச எப்பவோ எடுத்திருப்பானுங்கடா. இன்னும் எத்தன வருஷத்துக்கு? நீ வரலாறு படிச்சவன்தான, சொல்லேன்."

"இருங்க சித்தப்பா, தெரிஞ்சிக்கிட்டு சொல்றேன்."

"இதுக்குமா படிக்கணும்?" என்று கியரை மாற்றினார்.

இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில். இவ்வளவு நீளும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் இன்றைய சாலை ஒப்பந்தங்களைத்தான் படிக்க ஆரம்பித்தேன். அரசுக்கு ஒரு சாலையோ பாலமோ வேண்டும். கையில் பணம் இல்லை, அல்லது இருப்பதைச் செலவழிக்க விருப்பமில்லை. ஒரு கம்பெனி பணம் போட்டுக் கட்டுகிறது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கட்டணம் வசூலிக்கிறது, பிறகு அரசிடம் ஒப்படைக்கிறது. கேட்க எளிமையாக இருக்கிறது. இந்தத் திட்டங்களை மதிப்பிடும் அறிக்கைகளில் வரும் கேள்விகளும் எளிமையானவை. நேரத்துக்கு முடிந்ததா? சொன்ன செலவில் முடிந்ததா? தரமாக இருக்கிறதா?

ஆனால் எதிர்பார்த்த அளவு வண்டிகள் வராமல் போனால் அந்த நட்டம் யாருடையது? இதற்குப் பதில் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் எங்காவது ஒரு ஷரத்தில் இருக்கும். அந்த ஷரத்து எப்போது பிறந்தது என்று தேடிப் போனதில் 1849-க்கு வந்து நின்றேன்.

*

1849 ஆகஸ்ட் 17, லண்டன். கிழக்கிந்தியக் கம்பெனி அன்று இரண்டு ரயில்வே கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. ஒன்று கல்கத்தாவிலிருந்து கிளம்ப வேண்டிய ஈஸ்ட் இந்தியன் ரயில்வே. இன்னொன்று பம்பாயிலிருந்து கிளம்ப வேண்டிய கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே. சில ஆண்டுகளில் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியும் இதே அச்சில் வந்தது.

ஒப்பந்தத்தின் சாரத்தை ஊர்க்கதையாகச் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் தெருவில் ஒருவர் ஹோட்டல் வைக்க வருகிறார். இடத்தை ஊர்ப் பொதுப்பணத்தில் வாங்கி 99 வருடத்துக்கு இலவசமாகக் கொடுக்கிறீர்கள். அவர் போடும் முதலுக்கு வருடத்துக்கு 5 சதவீதம் நிச்சயம் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். வட்டி ஹோட்டல் திறந்த நாளிலிருந்து அல்ல, அவர் பணத்தைக் கட்டிய நாளிலிருந்தே ஓடும். ஹோட்டலில் 2 சதவீதம்தான் லாபம் வந்தால் மீதி 3-ஐ ஊர்ப்பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள். 5-க்கு மேல் வந்தால் மேல் வருவதில் பாதி அவருக்கு, மறுபாதி நீங்கள் ஏற்கெனவே கொடுத்த வட்டிக்கு ஈடு. கடையே வேண்டாம் என்று தோன்றினால் ஆறு மாதம் முன்னால் சொல்லிவிட்டு ஒப்படைத்துவிடலாம், போட்ட முதலை முழுதாக வாங்கிக்கொண்டு போகலாம்.

இப்படி ஒரு ஹோட்டல் வைக்க யாருக்குத்தான் கசக்கும்?

அன்றைய வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். லண்டனில் பணம் வைத்திருந்தவருக்கு இந்தியா கண்காணாத தேசம். அங்கே ஓடப்போகும் ரயிலில் ஆள் ஏறுவாரா, சரக்கு வருமா என்று யாருக்கும் தெரியாது. உத்தரவாதம் இல்லாமல் பணம் வராது என்று ரயில்வே பிரமுகர்கள் பல வருடம் பேசிப் பேசித்தான் இந்த 5 சதவீதத்தை வாங்கினார்கள். டல்ஹவுசி பிரபுவுக்கு வேறு நம்பிக்கையும் இருந்தது. கம்பெனிகள் வந்தால் அவற்றோடு ஆங்கிலேயத் தொழில் ஊக்கமும் சேர்ந்து வரும், அரசாங்கமே எல்லாவற்றையும் செய்யும் பழக்கம் மாறும் என்று அவர் நினைத்தார்.

பணம் வந்தது. ரயிலும் வந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும், ஏறத்தாழ 100 கிலோமீட்டர், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது. இந்தத் துணைக்கண்டத்தில் அன்று கட்டியபடி மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஸ்டேஷன் அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்த்தேன். உயரமான தூண்கள், சிவப்புச் சுவர், ஆளில்லாத பிளாட்பாரம். இத்தனை பெரிய தூண்கள் ஒரு ஸ்டேஷனுக்கு எதற்கு என்று தோன்றியது. ஒப்பந்தத்தைப் படித்த பிறகு அந்தத் தூண்களை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். செலவு கூடினால் கம்பெனிக்கு நட்டமில்லை. போட்ட முதல் கூடும், அதற்கு வட்டி கூடும். அவ்வளவுதான்.

*

தொடக்கத்தில் ஒரு மைலுக்கு 8,000 பவுண்டு ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். 1868 வாக்கில் சராசரி 18,000 பவுண்டை எட்டியிருந்தது.

இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. தண்டவாளம், எஞ்சின், பாலத்துக்கு இரும்பு எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. பெரிய ஆறுகளைக் கடக்க வேண்டியிருந்தது. நடுவில் 1857 வந்துபோனது. கம்பெனியை யாரும் கவனிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. லண்டன் இயக்குநர் குழுவில் அரசு சார்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவருக்குத் தடுக்கும் அதிகாரம் உண்டு. இந்தியாவில் அரசின் ஆலோசனைப் பொறியாளர்கள் ஒவ்வொரு செலவையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தில் கண்காணிப்புக்குக் குறைவே இல்லை. சின்ன மாற்றத்துக்குக்கூடக் கடிதம் லண்டன் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். இரண்டு முதலாளிகள், இரண்டு கணக்கு, ஆனால் சிக்கனமாக இருந்தால் யாருக்கும் ஒரு பைசா லாபம் கிடையாது.

1872-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் வில்லியம் மாஸ்ஸி சாட்சி சொன்னார். வைஸ்ராய் கவுன்சிலில் நிதி உறுப்பினராக இருந்தவர். அவர் சொன்னதன் சுருக்கம்: தன் பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினார்களா, செங்கல்லும் சுண்ணாம்புமாக மாற்றினார்களா என்று பங்குதாரருக்குக் கவலையே இல்லை, வட்டி எப்படியும் வந்துவிடும். நிதி அமைச்சர் வேலை பார்த்த ஒருவரே இப்படிச் சொல்வதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வட்டி எங்கிருந்து போனது என்று யோசித்ததும் சிரிப்பு நின்றது.

வட்டி இந்திய அரசின் பொது வருமானத்திலிருந்து போனது. பொது வருமானம் என்றால் நிலத் தீர்வை, உப்பு வரி, அபின். ரயிலைக் கண்ணால் பார்த்திராத குடியானவர் கஞ்சிக்கு உப்பு வாங்கியபோது லண்டன் பங்குதாரரின் 5 சதவீதத்தில் தன் பங்கைக் கட்டினார். பங்குதாரர்களில் இந்தியர்கள் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. 1870-களில் வெள்ளியின் விலை சரிந்து ரூபாய் மதிப்பு இறங்கியதும் பாரம் இன்னும் ஏறியது. வட்டி பவுண்டில், வரி ரூபாயில்.

தாதாபாய் நௌரோஜி இந்தியாவிலிருந்து வெளியே வடியும் செல்வத்தைக் கணக்கெடுத்தபோது இந்த உத்தரவாத வட்டியும் அதில் இருந்தது. ரொமேஷ் சந்தர் தத் இன்னும் விரிவாகக் கூட்டிப் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ரயில்வேயில் போட்டது 22 கோடி பவுண்டுக்கு மேல், அதனால் அரசு வருவாய்க்கு ஏற்பட்ட நட்டம் சுமார் 4 கோடி பவுண்டு என்பது அவர் கணக்கு. அதே காலம் வரை பாசனத்துக்குச் செலவழித்தது சுமார் 2.4 கோடி பவுண்டுதான்.

அதிகாரத்தின் உச்சியில் இருந்தவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 1869-ன் தொடக்கத்தில், பதவிக்காலம் முடிந்து கிளம்பும் சமயத்தில், வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் ஒரு குறிப்பு எழுதினார். லாபம் முழுக்கக் கம்பெனிகளுக்குப் போகிறது, நட்டம் முழுக்க அரசாங்கத்துக்கு வருகிறது, இதைவிட அரசே கடன் வாங்கி நேரடியாகக் கட்டலாம் என்பது அதன் சாரம். லண்டனும் ஒப்புக்கொண்டது. அடுத்த பத்து வருடம் புதிய பாதைகளை அரசே போட்டது.

அதோடு கதை முடியவில்லை. 1876-78 பஞ்சம், அதையொட்டி ஆப்கானிஸ்தான் போர். கஜானா வறண்டது. 1880-ல் பஞ்ச ஆணையம் இன்னும் ரயில்பாதைகள் வேண்டும் என்றது. கையில் காசில்லாத அரசு மறுபடியும் கம்பெனிகளைக் கூப்பிட்டது. இந்த முறை வட்டி கொஞ்சம் குறைவு, பாதை அரசின் சொத்து. ஆனால் உத்தரவாதம் என்ற அந்த ஷரத்து சாகவில்லை.

*

இதைப் படிக்கும் நண்பர் யாராவது இந்நேரம் குறுக்கிடுவார். "அதான் ரயில் வந்துச்சுல்ல? அதனால ஒண்ணுமே கெடைக்கலியா?"

கிடைத்தது. டேவ் டொனால்ட்சன் என்ற பொருளாதாரர் 1870 முதல் 1930 வரையிலான மாவட்டப் புள்ளிவிவரங்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். ரயில் வந்த மாவட்டங்களில் உண்மையான விவசாய வருமானம் சுமார் 16 சதவீதம் உயர்ந்தது என்கிறார். இது சின்ன விஷயம் இல்லை. நௌரோஜியையும் தத்தையும் மட்டும் படித்துவிட்டு ரயிலே வீண் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் ரயிலால் வந்த நன்மை வேறு, ரயிலைக் கம்பெனி கட்டியதால் வந்த நன்மை வேறு. நாம் இரண்டையும் எப்போதும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். வழவழவென்று ஒரு சாலை வந்ததும் "பாத்தியா, பிரைவேட்டுன்னா பிரைவேட்டுதான்" என்கிறோம். அது சாலையின் பெருமை. அரசே கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஒப்பீடு இல்லாமல் கம்பெனியின் பெருமையைச் சொல்ல முடியாது.

ரயில்வேயில் அதிர்ஷ்டவசமாக அந்த ஒப்பீடு இருக்கிறது. ஒப்பந்தத்தில் 25 அல்லது 50 வருடம் கழித்து அரசு வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்ததால், ஒவ்வொரு பாதையும் வெவ்வேறு ஆண்டில் கைமாறியது. மெட்ராஸ் ரயில்வே 1907-ன் கடைசியில் மாறியது. டான் போகார்ட், லதிகா சவுத்ரி இருவரும் இந்தக் கைமாற்றங்களை வைத்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். அரசு உடைமையானதும் ஓட்டும் செலவு குறைந்தது என்பது அவர்கள் கண்டது. நான் எதிர்பார்த்தது நேர்மாறாக இருந்தது. தனியார் என்றால் சிக்கனம், அரசு என்றால் ஊதாரித்தனம் என்று கேட்டே வளர்ந்த தலைமுறை நாம். உத்தரவாதம் இருக்கும் இடத்தில் தனியாருக்குச் சிக்கனமாக இருக்க என்ன அவசியம் என்று நாம் கேட்டதில்லை.

*

ரயிலைவிட என்னை அதிகம் பிடித்துக்கொண்டது ஒரு வாய்க்கால்.

ஆர்தர் காட்டன் பெயர் தஞ்சாவூர்க்காரர்களுக்கும் கோதாவரிக்காரர்களுக்கும் தெரியும். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணை. 1847-ல் தொடங்கி 1852-ல் முடிந்த கோதாவரி அணைக்கட்டு. இரண்டும் அரசாங்கப் பணத்தில் நடந்த வேலைகள், இரண்டும் பெரும் வெற்றி. கோதாவரி மாவட்டங்களில் இன்றும் அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள்.

அதே காட்டன் பின்னால் நின்ற இன்னொரு திட்டம் உண்டு. 1858-ல் லண்டனில் மெட்ராஸ் பாசன, கால்வாய் கம்பெனி தொடங்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் கர்னூல் அருகே சுங்கேசுலாவில் துங்கபத்திராவைத் தடுத்து, அங்கிருந்து கடப்பா வரை சுமார் 300 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்ட வேண்டும். பாசனமும் நடக்கும், படகும் போகும். முதல் 10 லட்சம் பவுண்டுக்கு, ரயில்வே மாதிரியே, 5 சதவீத உத்தரவாதம்.

10 லட்சமும் தீர்ந்தது, வேலை தீரவில்லை. 1866-ல் அரசாங்கமே 6 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. 1871-ல் கால்வாய் முடிந்தது. தண்ணீர் வந்தது. வாங்கத்தான் ஆள் வரவில்லை.

ஏன் வரவில்லை? அந்தக் குடியானவரின் இடத்தில் நின்று பார்த்தால் எளிதாகப் புரியும். கர்னூல் பக்கம் பெரும்பகுதி கரிசல். நல்ல மழை ஒன்று பெய்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோளமும் பருத்தியும் விளையும் மண். நெல் போட வேண்டுமென்றால் நிலத்தைச் சமன்படுத்த வேண்டும், வரப்புக் கட்ட வேண்டும், கூடுதல் மாடு, எரு, ஆள். இவ்வளவும் செய்துவிட்டு, விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று தண்ணீர்த் தீர்வை கட்ட வேண்டும். 'மழை பேஞ்சா எனக்கு உன் தண்ணி எதுக்கு' என்பதுதான் அவர் கணக்கு. அதில் தப்பில்லை. 1876-77-ல் மழை பொய்த்தபோது தண்ணீர் கேட்டவர்கள் கூடினார்கள். மழை திரும்பியதும் குறைந்தார்கள். ஒரு கம்பெனி பஞ்சத்துக்காகக் காத்திருந்து பிழைக்க முடியாது. 1882-ல் அரசு கால்வாயை விலை கொடுத்து வாங்கிக்கொண்டது.

காட்டனின் எதிரிகள் இதை வைத்துப் பாசனமே நட்டம் என்றார்கள். அது சரியில்லை. அதே பொறியாளரின் அதே மாதிரி வேலை தஞ்சாவூரில் ஏன் ஜெயித்தது, கர்னூலில் ஏன் தோற்றது? மண் ஒரு காரணம். காவிரிப் படுகையில் கல்லணைக் காலத்திலிருந்தே நஞ்சைப் பழக்கம் இருந்தது, புதிதாக யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மண் மட்டுமே காரணம் இல்லை என்று நினைக்கிறேன். அரசு அணை கட்டினால் அதன் பலன் அரசுக்குப் பல வழிகளில் திரும்புகிறது. புஞ்சை நஞ்சையானால் நிலத் தீர்வை உயரும். விளைச்சல் கூடினால் வியாபாரம் கூடும், துறைமுகத்தில் வரி கூடும். பஞ்சம் குறைந்தால் நிவாரணச் செலவு குறையும். கம்பெனிக்கு இந்தக் கதவுகள் எதுவும் கிடையாது. தண்ணீரை ஏக்கர் ஏக்கராக விற்றால்தான் காசு. ஊருக்கே பொதுவாகப் பரவும் ஒரு நன்மையை ரசீது போட்டு வசூலிக்கக் கம்பெனியால் முடியாது. எதை ரசீது போட முடியுமோ அதை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் பஞ்சத்தில் உயிர் காத்த கால்வாய்கூட நட்டக் கணக்கில்தான் வரும்.

சரி, உத்தரவாதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது, அது இல்லாமல் விட்டிருந்தால்? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. அதே காலத்தில் ஒரிசாவில் மகாநதிப் படுகையில் கால்வாய் வெட்டக் கிழக்கிந்தியப் பாசன, கால்வாய் கம்பெனி இறங்கியது. இதற்கு 5 சதவீத உத்தரவாதம் இல்லை. பணம் போதவில்லை, தண்ணீருக்குக் கிராக்கி இல்லை. பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. 1868-69-ல் அரசு அதையும் வாங்கிக்கொண்டது.

ஆக, உத்தரவாதம் கொடுத்த இடத்திலும் நட்டம் அரசிடம் வந்தது. கொடுக்காத இடத்திலும் அரசிடமே வந்தது. பாதி வெட்டிய கால்வாயை அப்படியே விட்டுப்போக எந்த அரசாலும் முடியாது. ஒப்பந்தத்தில் எழுதாத உத்தரவாதம் ஒன்று எல்லாப் பொதுவேலைகளிலும் இருக்கிறது. கம்பெனி கைவிடலாம், ஊர் கைவிட முடியாது.

*

'இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை, இப்ப அப்படியா' என்று கேட்கலாம். திருப்பூருக்கு வாருங்கள்.

1990-களில் திருப்பூருக்குத் தண்ணீர் இல்லை. பனியன் ஏற்றுமதி ஏறிக்கொண்டே போகிறது, சாயப்பட்டறைகள் டேங்கர் லாரியை நம்பி ஓடுகின்றன. 1995-ல் அரசும் நிதி நிறுவனமும் ஏற்றுமதியாளர்களும் சேர்ந்து நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பவானி ஆற்றிலிருந்து குழாய் போட்டு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர். செலவு ஏறக்குறைய 1,023 கோடி ரூபாய். தொழிற்சாலைகள் ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் கொடுக்கும், அந்த வருமானத்தில் நகரத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் மிகக் குறைந்த விலையில் குடிநீர். தொழிலும் பிழைக்கும், ஏழை வீட்டுக் குடமும் நிறையும். நாடே முன்மாதிரியாகப் பேசிய திட்டம். 2005 வாக்கில் தண்ணீர் வரத் தொடங்கியது. குழாய் நல்ல குழாய், தண்ணீர் நல்ல தண்ணீர்.

ஆனால் சாயப்பட்டறைகள் கணக்கில் எழுதிய அளவுக்கு வாங்கவில்லை. கழிவுநீரை ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற நெருக்கடி வந்ததும் புதுத் தண்ணீரின் தேவை குறைந்தது. 2011 ஜனவரியில், நொய்யல் மாசுபட்ட வழக்கில், சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 45 ரூபாய் கொடுக்க வேண்டியவர்கள் ஒரே நாளில் காணாமல் போனார்கள். கம்பெனியின் கடன்களை மறுசீரமைக்க வேண்டியதாயிற்று. குடிநீரோ நிற்க முடியாது. மக்கள் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கர்னூல் குடியானவரும் திருப்பூர் சாயப்பட்டறைக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. நடுவில் 140 வருடம். இரண்டு பேரையும் பற்றி யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து 'இவர் இவ்வளவு தண்ணீர் வாங்குவார்' என்று எழுதினார். இரண்டு பேருமே அந்தத் தாளில் எழுதியபடி வாழவில்லை.

நொய்யலில் சாயம் ஓடியதை நிறுத்தியது நல்ல தீர்ப்பு. அந்தத் தீர்ப்பால் ஒரு பொதுத் திட்டம் தடுமாறியது என்பது திட்டத்தை எழுதிய விதத்தின் கோளாறு. ஓர் ஊரின் குடிநீரை, அந்த ஊரின் ஆற்றைக் கெடுக்கும் தொழிலின் வருமானத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள்.

சாலைகளிலும் இதே பாடத்தை மறுபடி படித்தோம். 2000-களில் வண்டிகள் இவ்வளவு வரும் என்று தாராளமாகக் கணக்குப் போட்டு ஒப்பந்தம் எடுத்த கம்பெனிகள் பல, பின்னால் வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் நின்றன. 2016-ல் மத்திய அரசு புது முறை கொண்டுவந்தது. கட்டும்போதே 40 சதவீதச் செலவை அரசு கொடுத்துவிடும். மீதியைக் கம்பெனி போடும், அதை அரசு தவணை தவணையாகத் திருப்பிக் கொடுக்கும். டோல் வசூல் அரசுக்கு. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் கம்பெனிக்குத் தவணை நிச்சயம். இதைப் படித்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1849-ன் சாயல். ஒரு வித்தியாசம் முக்கியம். அன்றைக்குச் செலவு கூடக்கூட வட்டியும் கூடியது. இன்றைக்குத் தொகையை ஏலத்திலேயே முடிவு செய்கிறார்கள். சிக்கனமாகக் கட்டினால் கம்பெனிக்கு லாபம். வண்டி வருமா என்ற பயத்தை அரசு சுமக்கிறது, ஒழுங்காகக் கட்டும் பொறுப்பைக் கம்பெனி சுமக்கிறது. யாரால் எதைத் தாங்க முடியுமோ அதை அவர் தலையில் வைப்பது என்ற யோசனைக்கு வந்து சேர நமக்கு 167 வருடம் ஆகியிருக்கிறது. அது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது தனி வேலை.

*

கர்னூல்-கடப்பா கால்வாய் இன்றும் ஓடுகிறது. கே.சி. கனால் என்றால் ராயலசீமாவில் எல்லோருக்கும் தெரியும். இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் அதன் ஆயக்கட்டு. 1882-ல் மதிப்பீடு எழுதியவர் அதைத் தோல்வி என்று முடித்திருப்பார். இன்று அந்தக் கரையில் நெல் நடுபவரிடம் போய் அதைச் சொல்ல முடியாது. கம்பெனி தோற்றது, கால்வாய் ஜெயித்தது. இரண்டுக்கும் இடையில் இருந்த செலவை, பேர் தெரியாத லட்சக்கணக்கான பேர் உப்பு வரியிலும் தீர்வையிலும் கட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கால்வாயைப் பார்த்திருக்க மாட்டார்கள். எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் அவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப, ரோடு போட்ட காச எடுத்துட்டானா இல்லியான்னு கேக்கக் கூடாதுங்கிற."

"கேளுங்க சித்தப்பா. கேக்கணும். வசூல் எவ்ளோ, செலவு எவ்ளோன்னு கணக்கப் போர்டுல எழுதி வைக்கச் சொல்லியும் கேக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இந்த ரோட்டுல வண்டியே வரலன்னா யாரு கட்டுவா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வேற யாரு? நாமதான்."

"அத அவங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும்."

"அப்ப நம்மள யாருடா கூப்ட்டா?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1849-லும் யாரையும் கூப்பிடவில்லை.